அரை நூலில் போகும் பரிசு: மரவேலைப் போட்டிக்கு முதல்முறை மேஜை கொண்டுபோகிறவர்களுக்கு

களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்து மரப்பட்டறைகளில் இன்றும் நூல் கணக்கில்தான் பேச்சு. எட்டு நூல் ஒரு அங்குலம். அரை நூல் என்றால் சுமார் 1.6 மி.மீ. வீட்டுக் கதவில் அரை நூல் சந்து இருந்தால் அது குறையே இல்லை. ஆடி மழையில் கதவு உப்பும்போது அந்தச் சந்துதான் காப்பாற்றும். அதே அரை நூல் போட்டி மேஜையின் கால் இணைப்பில் இருந்தால், விசிட்டிங் கார்டு நாலைந்தை அடுக்கிச் செருகலாம். நடுவர்கள் செருகிப் பார்க்கவும் செய்வார்கள்.

இருபது வருடம் கதவும் கட்டிலும் செய்த கை, முதல் போட்டியில் தோற்றுத் திரும்புவது இதனால்தான். திறமைக் குறைவு அல்ல. வீட்டு வேலைக்குப் போதுமான அளவு அங்கே போதாது, அவ்வளவே.

எந்தப் போட்டி என்று முதலில் பாருங்கள்

மரவேலைப் போட்டி என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சங்கதிகள் நடக்கின்றன. வரைபடம் கொடுத்து, மணி பார்த்து, நடுவர் கண்ணெதிரே செய்யச் சொல்வது ஒன்று. இந்தியா ஸ்கில்ஸும் அதற்கு மேலே உள்ள வேர்ல்டு ஸ்கில்ஸும் இந்த வகை. அங்கே கேபினெட் மேக்கிங், ஜாயினரி, கார்பென்டரி மூன்றும் தனித்தனித் தொழில்கள். இவற்றில் வேர்ல்டு ஸ்கில்ஸுக்குப் போக, போட்டி நடக்கும் ஆண்டில் 22 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஐ.டி.ஐ.யில் படிக்கும் பிள்ளைகளுக்கான பாதை அது.

அடுத்தது கைவினை விருதுகள். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பிரிவு தேசிய அளவிலும், தமிழக அரசின் பூம்புகார் நிறுவனம் மாநில அளவிலும் நடத்துகின்றன. மரபுச் செதுக்கு வேலைக்கு அங்கே மவுசு அதிகம். அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் கைவினைஞர்களுக்கான ‘பெஹ்சான்’ அடையாள அட்டையை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வீட்டில் செய்து முடித்த சாமானைக் கொண்டுபோய் வைக்கும் போட்டி. கல்லூரிகள், பொருட்காட்சிகள், மரச்சாமான் கண்காட்சி நடத்துகிறவர்கள் வைப்பது. இங்கே சொல்வதெல்லாம் இந்த மூன்றாவது வகைக்கு.

விண்ணப்பத்தோடு வரும் விதித்தாளைப் பலரும் கையெழுத்துப் போடும்போதுதான் பார்க்கிறார்கள். மரம் வாங்குவதற்கு முன்பே படிக்க வேண்டிய தாள் அது. கையால் செய்தது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அர்த்தம் என்ன? மில்லில் அறுத்து இழைத்து வாங்கலாமா, மின்சார ரூட்டர் ஓட்டலாமா, கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரம் கூடாதா? ஒட்டுப்பலகையை டிராயர் அடியிலாவது போடலாமா? செதுக்கு வேலையை இன்னொருவர் செய்தால் பெயர் யார் பெயரில்? முன்பே வேறு கண்காட்சியில் வைத்த சாமானை ஏற்பார்களா? அதிகபட்ச நீள அகலம் என்ன? பெயர் மறைத்து மதிப்பிடுவார்கள் என்றால் அடிப்பலகையில் பட்டறை முத்திரை குத்தினாலே நீக்கிவிடுவார்கள். புரியாத விதியைப் போனில் கேட்டு முடித்துவிடாமல், எழுத்தில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பெரிதாக வேண்டாம்

முதல்முறை போகிறவர்கள் ஊஞ்சல், செதுக்கிய கட்டில், ஆறு பேர் அமரும் சாப்பாட்டு மேஜை என்று இறங்குவது வழக்கம். பெரிய சாமானில் இணைப்புகள் அதிகம், ஒவ்வொன்றும் பிழைக்கு ஒரு வாய்ப்பு. கொண்டுபோக வண்டிக் கூலி வேறு. மறுகோடியில் குரண்டி மாதிரி சின்னப் பலகை இருக்கை செய்தால், அது எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நடுவருக்குப் பார்க்க ஒன்றுமில்லை.

நாங்கள் சொல்வது, ஒரே டிராயர் வைத்த சின்னப் பக்க மேஜை. துளையும் கழுந்தும் (ஒரு கட்டையின் மெலித்த நுனி இன்னொன்றின் துளையில் நுழைவது), டவ்டெயில் (புறாவால் போல விரிந்த பற்கள் கோத்துக்கொள்வது), அகலப் பலகை, ஓடும் டிராயர் என்று நடுவர் பார்க்க நினைக்கும் எல்லாமே இதில் உண்டு. முடித்தால் ஏழரை கிலோ சுமார். ஒருவரே தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம்.

வடிவத்துக்கு இணையத்தைத் துழாவும் முன்பு பத்மநாபபுரம் கொட்டாரத்துக்கு, அதாவது பழைய அரண்மனைக்கு, ஒரு நடை போய் வாருங்கள். தக்கலையிலிருந்து கூப்பிடு தூரம். நிலம் தமிழ்நாடு, நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. திங்கள்கிழமை மூடியிருக்கும். எல்லோரும் பூமுகம் என்ற முன்மண்டபத்தின் மேல்தட்டில் உள்ள பூக்களை அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் தூணும் உத்திரமும் சேரும் இடத்தையும், சன்னல் அழிகள் சட்டத்துக்குள் நுழையும் இடத்தையும் பாருங்கள். பூ வேலையைக் காப்பி அடிப்பதற்காக அல்ல. எங்கே அலங்காரத்தை நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக.

மரம்

இந்தப் பக்கத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு ஏற்றது தேக்கு அல்லது அயனி. அயனியை எல்லை தாண்டினால் ஆஞ்ஞிலி என்பார்கள். தேக்கு உளிக்கு நன்றாகக் கேட்கும், சுருங்குவதும் குறைவு. ஆனால் அதில் மணல் சத்து இருப்பதால் இழைப்புளியின் முனை சீக்கிரம் மழுங்கும். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை தீட்டுகிற பழக்கம் வேண்டும். அயனி விலை குறைவு, நாரும் நேராக ஓடும். பலா அழகான மஞ்சள், ஆனால் நார் மாறி மாறி ஓடுவதால் இழைக்கும்போது பிய்த்துக்கொள்ளும். வெளிச்சம் படப்பட நிறமும் பழுப்பாகும். பலாப் பலகை மேல் ஒரு வாரம் பெட்டியை வைத்திருந்தால் பெட்டியின் தடம் அப்படியே தெரியும். வேங்கை ஈரம் பட்டால் சாயம் விடும். ரப்பர் மரம் மருந்து ஏற்றாமல் வைத்தால் வண்டு அரிக்கும். ஈட்டி மரத்தைத் தொடாதீர்கள். 2017 ஜனவரி முதல் அது, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. பரிசை விடப் பேப்பர் வேலை பெரிதாகிவிடும்.

மில்லில் மரம் கேட்கும்போது ஒரு சொல் விஷயம். மரத்தின் முற்றிய நடுப்பகுதியை இந்தப் பக்கம் வைரம் என்றால், கேரளத்து மில்லில் காதல் என்பார்கள். “நல்ல காதல் உள்ள பலகை வேணும்” என்று கேட்டால் பாறசாலையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். காதலோ வைரமோ, பட்டையோரத்து வெளிர்ந்த வெள்ளை ஒட்டியிருக்கும் பலகையைப் போட்டி வேலைக்கு எடுக்காதீர்கள். நிறமும் ஒட்டாது, வண்டும் முதலில் அங்கேதான் ஏறும். பில் கேட்டு வாங்குங்கள். எல்லைச் சோதனைச் சாவடியில் மரம் என்றாலே கேள்வி வரும். போட்டி நடத்துகிறவர்களும் மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூடும்.

செய்து முடித்த மேஜைக்கு 0.41 கன அடி மரம்தான் போகும். ஆனால் வெள்ளை, முடிச்சு, வெடிப்பு கழித்து, இரண்டு கால் கெட்டாலும் மாற்றிக்கொள்ள வசதியாக ஒரு கன அடி வாங்கிவிடுங்கள். எல்லாம் ஒரே மரத்தில் அறுத்ததாக இருக்கட்டும். மேல்பலகை ஒரு நிறம், கால் வேறு நிறம் என்றால் பாலிஷ் போட்ட பிறகுதான் கண்ணில் குத்தும்.

ஈரம்தான் பெரிய எதிரி

குமரி மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. இங்கே நிழலில் காய்ந்த மரமே மழைக்காலத்தில் 14 முதல் 16 சதவீதம் ஈரம் வைத்திருக்கும். அதே மேஜையைச் சென்னையிலோ கொச்சியிலோ ஏசி மண்டபத்தில் நாலைந்து நாள் வைத்தால் அது வற்றத் தொடங்கும். அங்கேயே இருந்தால் 9 சதவீதம் வரை போகும். தேக்கு பச்சையிலிருந்து முழுதாகக் காயும்போது ஆண்டு வளையங்கள் ஓடும் வாக்கில் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் சுருங்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால், 350 மி.மீ. அகலப் பலகை 14-லிருந்து 9-க்கு இறங்கும்போது 3 மி.மீ. சுருங்கும். கிட்டத்தட்ட ஒரு நூல். பலகையைத் திருகு போட்டு அசையாமல் இறுக்கியிருந்தால் அந்த ஒரு நூல் வெடிப்பாக வெளியே வரும். நடுவர் வரும் நாளன்று காலையில் வெடித்த மேஜைகள் நிறைய உண்டு.

அதனால் அறுத்த பலகைகளை வீட்டுக்குள், தரையிலிருந்து அரை அடி உயரத்தில், 20 மி.மீ. சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக இடையில் வைத்து அடுக்குங்கள். அங்குலப் பலகைக்குக் குறைந்தது நாலைந்து மாதம். இரண்டு முனைகளிலும் பெயின்ட்டோ மெழுகோ பூசினால் முனை வெடிப்பு குறையும்.

ஈரம் அளக்கும் கருவி இல்லாதவர்கள் சமையலறைத் தராசை எடுங்கள். பலகையின் முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி ஒரு துண்டு வெட்டி எடை போடுங்கள். 50 கிராம் என்று வையுங்கள். ஓவனில் நூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, எடை குறையாமல் நிற்கும்வரை காய வையுங்கள். 44 கிராமில் நின்றால், போன 6 கிராமை 44-ஆல் வகுக்க 13.6 சதவீதம். 12-க்குக் கீழே வந்த பிறகு கோடு போடுங்கள். ஜனவரியிலிருந்து மே வரை வேலை செய்வது சிறப்பு.

அளவுகள்

எல்லாம் மி.மீ.யில். விண்ணப்பத்தில் அப்படித்தான் கேட்பார்கள். வேலையிலும் கோல், அங்குலம், நூல், மி.மீ. என்று கலக்காதீர்கள். மேஜையின் மொத்த உயரம் 550, கால்களின் வெளிப்பக்கச் சட்டகம் 400 × 300, மேல்பலகை நாலு பக்கமும் 25 வெளியே நிற்கும்.

மேல்பலகை: 450 × 350 × 20
கால்கள்: 40 × 40 × 530, நான்கு
பின்சட்டம்: 370 × 120 × 22
பக்கச் சட்டம்: 270 × 120 × 22, இரண்டு
முன்சட்டம், டிராயருக்கு மேலும் கீழும்: 370 × 40 × 20, இரண்டு
டிராயர் முகம்: 320 × 80 × 20
டிராயர் பக்கம்: 260 × 80 × 12, இரண்டு
டிராயர் பின்: 320 × 64 × 12
டிராயர் அடி: 306 × 250 × 6

சட்டங்களின் நீளத்தில் இரண்டு பக்கக் கழுந்துகளும், ஒவ்வொன்றும் 25 மி.மீ., சேர்ந்திருக்கின்றன. டிராயர் ஓடும் கட்டைகளை மிச்ச மரத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

துளையும் கழுந்தும்

பொது விதி, கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒன்று. 22 மி.மீ. சட்டத்துக்கு 8 மி.மீ. சரி. உங்களிடம் இருக்கும் உளியின் அகலத்துக்குத் துளையை முடிவு செய்யுங்கள், துளைக்குக் கழுந்தை முடிவு செய்யுங்கள். தலைகீழாகச் செய்தால் துளையை அகலப்படுத்திக்கொண்டே போக வேண்டிவரும்.

துளையின் ஆழம் 27. கழுந்து 25. அந்த 2 மி.மீ. பசை ஒதுங்க. இடம் விடாமல் கழுந்தை அடித்தால் அடியில் சிக்கிய பசை காலைப் பிளந்துவிடும், அல்லது கழுந்தை முழுதாக இறங்க விடாது. பின்சட்டமும் பக்கச் சட்டமும் சேரும் காலில் இரண்டு துளைகளும் உள்ளே முட்டிக்கொள்ளும். பதற வேண்டாம், இரண்டு கழுந்துகளின் முனையையும் 45 டிகிரியில் சாய்வாக வெட்டினால் உள்ளே ஒன்றையொன்று தொட்டு நிற்கும்.

இணைப்பு பொருந்துவதும் பொருந்தாததும் கோட்டில்தான் இருக்கிறது. பென்சில் கோட்டுக்குக் கால் மி.மீ.க்குக் குறையாத கனம் உண்டு. கோட்டின் எந்தப் பக்கம் வெட்டுவது என்று கைக்குத் தெரியாது. கழுந்து முடிந்து சட்டம் தொடங்கும் இடத்தில் மூலைமட்டத்தை வைத்துக் கூரான கத்தியால் சுற்றிவரக் கீறுங்கள். முதல் கீறல் லேசாக, இரண்டாவது அழுத்தி. பிறகு கழிவுப் பக்கத்திலிருந்து உளியைச் சாய்த்து ஒரு சீவு சீவினால் கத்திக் கோட்டை ஒட்டிச் சின்ன வாய்க்கால் உண்டாகும். வாள் அதில் தானாக உட்கார்ந்துகொள்ளும். நாலு பக்கமும் கத்திக்கோடு ஒரே புள்ளியில் வந்து சேரவில்லை என்றால் சட்டம் சதுரமாக இழைக்கப்படவில்லை என்று அர்த்தம். அங்கேயே நிறுத்தி இழைப்புளியை எடுங்கள். தொடர்ந்து வெட்டினால் ஒரு பக்கம் ஒட்டும், எதிர்ப்பக்கம் வாய் பிளக்கும்.

கழுந்து துளைக்குள் கையால் தள்ளினால் பாதி போக வேண்டும், மீதிக்குக் கொட்டாப்புளியால் இரண்டு மெல்லிய தட்டு. சும்மாவே விழுந்தால் தளர்வு. நாலு அடி வாங்கினால் இறுக்கம், கால் வெடிக்கும்.

முன்பக்கம் மேலே வரும் சட்டத்தைக் காலின் உச்சியில் டவ்டெயிலாக இறக்குங்கள், கீழே வரும் சட்டத்துக்குப் பக்கம் பக்கமாக இரட்டைக் கழுந்து. மேலே டவ்டெயில் எதற்கு என்றால், டிராயரை இழுத்து இழுத்து மூடும் வீட்டில் முன்கால்கள் விரியாமல் பிடிப்பது அதுதான். மேல்பலகை மூடிவிடும் இணைப்பு என்பதால் பலரும் அதை அசட்டையாக விடுவார்கள். மேஜையைக் கவிழ்க்கும் நடுவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பசை போடும் முன்பு எல்லாவற்றையும் வெறுமனே கோத்து, கிளாம்ப் பிடித்து, மூலைக்கு மூலை குறுக்களவு எடுங்கள். இரண்டு குறுக்களவும் அரை மி.மீ.க்குள் ஒத்திருந்தால் பிரித்து ஒட்டலாம். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால், ஒட்டும் முகத்தை அன்றைக்கே ஒரு சுருள் இழைத்துவிட்டு உடனே ஃபெவிகால் தடவுங்கள். ஒரு வாரம் முன்பு இழைத்த முகத்தில் பிடிப்பு குறையும். பக்கச் சட்டகங்கள் இரண்டையும் முதல் நாள் ஒட்டி, மறுநாள் முன்னும் பின்னும் சேருங்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒட்ட முயன்றால் பசை பிடித்துக்கொண்ட பிறகு கோணல் தெரியும்.

வழிந்த பசையை ஈரத்துணியால் துடைத்துப் பரப்பாதீர்கள். அது மர நாருக்குள் இறங்கி, பாலிஷ் போட்டதும் வெளுத்த திட்டாக எழும். அரைமணி கழித்து ரப்பர் பதத்தில் இருக்கும்போது உளியால் சீவி எடுங்கள்.

டிராயர்

டிராயரைத் தனியாகச் செய்து, மேஜையில் அது நுழையும் வாய்க்குள் திணிப்பதல்ல முறை. ஒவ்வொரு துண்டையும் வாய்க்குப் பொருத்திய பிறகுதான் இணைக்க வேண்டும். முகப்பலகையை 320 × 80 வாய்க்குள் இறுக்கமாக நுழையும் அளவுக்கு இழையுங்கள். பக்கப் பலகை இரண்டும் தனித்தனியே தங்கள் இடத்தில் தடையில்லாமல் ஓட வேண்டும். இடது, வலது, மேல், முன் எல்லாம் உள்பக்கத்தில் பென்சிலால் குறியுங்கள். கடைசியில் அழித்துவிட மறக்காதீர்கள்.

80 மி.மீ. உயரத்துக்கு மூன்று வால் போதும், சாய்வு எட்டுக்கு ஒன்று. முகத்தில் வால் வெளியே தெரியாதபடி 6 மி.மீ. மிச்சம் விடுங்கள். பின்பக்கம் முழுக்கத் தெரியும் டவ்டெயில். வாலை முதலில் வெட்டி, அதையே அச்சாக வைத்து எதிர்ப்பலகையில் கத்தியால் கீறுங்கள். அடிப்பலகை நுழையும் பள்ளம் கீழிருந்து 8 மி.மீ. உயரத்தில், 6 அகலம், 5 ஆழம். அது கடைசி வாலின் இடத்துக்குள் வரும்படி வாலைத் திட்டமிடுங்கள். இல்லையென்றால் பள்ளத்தின் முனை சின்னச் சதுர ஓட்டையாகப் பக்கத்தில் தெரியும்.

அடிப்பலகையின் நார் இடமிருந்து வலமாக ஓட வேண்டும். அப்போது சுருங்குவதும் விரிவதும் முன்பின்னாகப் போகும், பக்கங்களைத் தள்ளாது. பின்னாலிருந்து செருகி, பின்பலகையில் நீள ஓட்டை வைத்து ஒரே ஒரு திருகு. பசை வேண்டாம்.

சந்து எவ்வளவு? பக்கங்களில் அரை மி.மீ. மேலே, கோடையில் செய்தால் ஒரு மி.மீ., மழையில் செய்தால் அரை. 80 மி.மீ. பலகை உலர்ந்த நிலைக்கும் ஈர நிலைக்கும் நடுவே 0.7 மி.மீ. உப்பும் என்பதால் இந்தக் கணக்கு. ஓடும் கட்டைக்கு நேர் மேலே இன்னொரு கட்டையும் வையுங்கள். அது இல்லாத டிராயரை முக்கால் பங்கு இழுத்ததும் மூக்கு தொங்கும். ஓடும் இடத்தில் தேன்மெழுகு தேய்த்தால் போதும். மார்த்தாண்டத்துத் தேன்காரர்களிடம் நல்ல மெழுகு கிடைக்கும்.

நடுவர் ஒரு விரலால் டிராயரின் ஒரு மூலையைத் தள்ளி மூடிப்பார்ப்பார். நடுவில் தள்ளினால் எந்த டிராயரும் மூடும். மூலையில் தள்ளும்போது கோணிக்கொண்டு நிற்காமல் போனால்தான் அது பொருந்திய டிராயர்.

மேல்பலகை

350 அகலத்துக்கு ஒரே பலகை கிடைப்பது அரிது. மூன்றை ஒட்டுவீர்கள். ஒட்டும் முன் வரிசையை மாற்றி மாற்றி வைத்துப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ரேகை ஓடும் விதம் ஒத்துப்போனால் ஒட்டு தெரியாது. ஒட்டும் விளிம்புகள் இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி கசியும் இடத்தை கிளாம்ப் இறுக்கி மறைக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஒரு மழைக்காலம் தாண்டாது.

பலகையைச் சட்டத்தோடு இறுக்குவதற்கு மரத்தில் சின்னத் தாழ்க்கட்டைகள் செய்யுங்கள். ஒரு முனை சட்டத்தின் உள்பக்கப் பள்ளத்தில் நுழையும், மறுமுனை பலகையின் அடியில் திருகப்படும். பக்கத்துக்கு இரண்டு, பின்னால் ஒன்று. பக்கச் சட்டத்தில் பள்ளத்தை நீளமாக விட்டால் கட்டை வழுக்கி நகரும். பின்னால் உள்ள கட்டை பள்ளத்துக்குள் முழுதாக முட்டாமல் 3 மி.மீ. இடம் விட்டு நிற்கட்டும். முன்சட்டத்தில் மட்டும் நேராகத் திருகலாம். அப்போது பலகையின் முன்விளிம்பு நிலையாக நிற்கும், அசைவெல்லாம் பின்பக்கம் போகும்.

பாலிஷ்

உப்புத்தாள் 120, 180, 240 என்ற வரிசையில், எப்போதும் நார் போகும் போக்கில். 180 முடித்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள், படிந்த நார் எழும். அதை 240-ல் வெட்டினால் பாலிஷ் போட்ட பிறகு சொரசொரப்பு வராது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பலகையோடு படுக்க வைத்து அடியுங்கள். பகலில் தெரியாத குறுக்குக் கீறல் எல்லாம் தெரியும். மண்டபத்து ஸ்பாட்லைட்டும் அப்படித்தான் காட்டும்.

முதல்முறைக்கு அரக்கு பாலிஷ் போதும். லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 முதல் 250 கிராம் அரக்குச் செதில், ஒரு நாள் ஊறவிட்டு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஆறு மாதம் பழகிய கரைசல் சரியாகக் காயாது, பிசுபிசுக்கும். மெல்லிய பூச்சாக ஆறேழு முறை, நடுநடுவே 320 தாளால் லேசாக. வெயில் இருக்கும் நாளில் காலை பத்திலிருந்து மூன்று மணி வரைதான் பூச வேண்டும். மழைச் சாரல் நேரத்தில் பூசினால் ஸ்பிரிட் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். வெளுத்துவிட்டால் சுரண்ட வேண்டாம். நல்ல வெயில் நாளில் வெறும் ஸ்பிரிட் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் பெரும்பாலும் தெளியும்.

மேலே ஒரு பங்கு தேன்மெழுகும் இரண்டு பங்கு டர்பன்டைனும் கலந்த மெழுகு. மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பிலிருந்து விலக்கிய பிறகு டர்பன்டைன் ஊற்றுங்கள். டிராயருக்குள் எண்ணெய்ப் பூச்சு எதுவும் வேண்டாம், மாதக்கணக்கில் வாடை நிற்கும். வேறு வேலைக்கு ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்துகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயவிடுங்கள்.

கவிழ்த்துப் பாருங்கள்

அனுப்புவதற்கு முன் மேஜையைத் தலைகீழாக வைத்து, நடுவராக உட்கார்ந்து பாருங்கள். பென்சில் எண், மில் சாக்பீஸ் குறி, பசைத் துளி, திருகின் பிசிறு எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு உள்விளிம்பு முழுக்க விரலை ஓட்டுங்கள். கால் நுனியில் 2 மி.மீ. சாய்வு வெட்டுங்கள், தரையில் இழுத்தால் சிம்பு தெறிக்காது. ஆட்டம் இருக்கிறதா என்று சிமென்ட் தரையில் சோதிக்காதீர்கள், கிரானைட் பலகையில் வையுங்கள். ஆடினால் தூக்கி நிற்கும் காலுக்கு அடியில் அட்டை வைத்து மட்டம் பிடித்து, ஒரே கனமுள்ள கட்டையில் பென்சிலைப் படுக்கவைத்து நாலு காலிலும் கோடிழுத்து வெட்டுங்கள். கண் மட்டத்துக்கு ஒரு காலை மட்டும் குறைக்கப் போனால் மேஜை குள்ளமாகிக்கொண்டே போகும்.

படத்துக்கு, காலை ஒன்பது மணிக்குச் சன்னலோரம், பின்னால் வெள்ளை வேட்டி. ஒன்று முன்பக்க மூலையிலிருந்து, ஒன்று டிராயர் பாதி திறந்து, ஒன்று அடிப்பக்கம். கேமராவை முழங்கால் உயரத்தில் பிடியுங்கள். குறிப்பில் மரம், இணைப்பு, பூச்சு, அளவு மட்டும். ‘பாரம்பரியத்தின் பெருமை’ வகையறா வாசகங்களை நடுவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

கடைசிப் பூச்சுக்கும் பயணத்துக்கும் நடுவே இரண்டு வாரம் விடுங்கள். குமிழ் பிளாஸ்டிக்கை நேராகச் சுற்றினால் குமிழ் அச்செல்லாம் பாலிஷில் பதியும். முதலில் பழைய பருத்திப் படுக்கை விரிப்பு, அதன் மேல் பிளாஸ்டிக். டிராயரை டேப் ஒட்டி அடைக்காதீர்கள், பிய்க்கும்போது பாலிஷும் வரும். துணிப் பட்டையால் சுற்றிக் கட்டுங்கள். வண்டியில் கயிறு சட்டத்தில் விழட்டும், மேல்பலகையில் வேண்டாம். கையோடு கொஞ்சம் மெழுகு, மெல்லிய துணி, 320 தாள் ஒரு துண்டு, மர பில்லின் நகல்.

முடிவு வந்த பிறகு மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் நடுவர்களில் ஒருவரிடம் டிராயரைப் பற்றி மட்டும் கேளுங்கள், மற்றதெல்லாம் அவர்களாகச் சொல்வார்கள். மண்டபத்தில் உலர்ந்த மேஜை ஊருக்கு வந்து ஒன்றிரண்டு வாரத்தில் ஈரம் குடித்து டிராயர் இறுகலாம். உடனே இழைப்புளியைத் தூக்காதீர்கள். ஜனவரி வெயில் வரும்வரை விட்டுப் பார்த்து, அப்போதும் இறுகினால் மேல்விளிம்பில் மட்டும் ஒரு சுருள் எடுங்கள்.